சிரஸ்தார் கப்பலில் சொன்ன சாட்சி

சிவசைலம் பிள்ளை பாளையங்கோட்டை கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவராக, இருந்து 1995-இல் ஓய்வு பெற்றார். நான் அவருக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். அவரை அண்ணாச்சி என்பேன், அவர் மனைவி பிரம்மநாயகியை மதினி என்பேன். இங்கே எழுதுவதில் பாதி அண்ணாச்சி என்னிடம் சொன்னது. மீதி மதினி சொன்னது. கொஞ்சம் நானே கண்ணால் பார்த்தது.

ஆபீசில் அவருக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. தேதி போடாமல் ஒரு காகிதத்தை நீட்டினால் வாங்கவே மாட்டார். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, இவன் பொய் சொல்ல வந்திருக்கிறான் என்று எங்களிடம் மெதுவாகச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர்கள் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், தான் ஒரு பொய் சொல்லக்கூடும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

அவருடைய ஒரே மகள் சுப்ரஜா சிங்கப்பூரில் இருந்தாள். மருமகன் மகேஷுக்கு அங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. மாமனாருக்கு அறுபது வயது நிறைகிறது என்று 1997 பிப்ரவரியில் அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். சிங்கப்பூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை போகும் உல்லாசக் கப்பலில் இருபத்து நான்கு நாள் பயணம். ஊழியர் குடும்பத்துக்கு உள்ள சலுகையில் மகேஷ் டிக்கெட் எடுத்திருந்தான். துறைமுகத்தில் வழியனுப்பும்போது, "என் பேரைச் சொல்லித்தான் சீட்டு வாங்கியிருக்கேன் மாமா. அவங்க சட்டதிட்டத்தை மட்டும் பாத்து நடந்துக்கிடுங்க" என்றான். அண்ணாச்சிக்கு இது கொஞ்சம் உறுத்தியது. சட்டதிட்டம் பற்றி அவருக்கே ஒருவன் சொல்வதா?

கப்பல் பயணம் என்றால் தினமும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று மதினி நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. சில நாள் கடல், ஒரு நாள் கரை. கரை வரும் நாளில் காலைப் பலகாரம் முடிந்ததும் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு வட்டச் சீட்டுத் தருவார்கள். அதில் பஸ் எண் இருக்கும். இறங்கிப் போனால், அதே எண் போட்ட அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி ஒருவர் நிற்பார். அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போக வேண்டும், அவர் சொன்ன நேரத்துக்கு பஸ்சுக்குத் திரும்ப வேண்டும். பினாங்கில் மலைமேல் ஏறும் ரயிலில் போனார்கள். மாலத்தீவில் பவளக் கல்லால் கட்டிய பழைய பள்ளிவாசலையும் மீன் சந்தையையும் பார்த்தார்கள். அண்ணாச்சி ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எங்கே இறங்கினோம், என்ன பார்த்தோம் என்று கோர்ட் டைரி மாதிரி எழுதினார். மதினிக்குப் படகு ஏறி இறங்கும்போது சேலை தடுக்கியது. மற்றபடி அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

பினாங்கு தாண்டிய மறுநாள், துவைக்கப் போட்டிருந்த வேட்டி அறைக்குத் திரும்பி வந்தது. அதற்கு முன் போட்ட வேட்டியைப் படுக்கை விரிப்பு மாதிரி நாலாக மடித்து அனுப்பியிருந்தார்கள். இந்த முறை கரை வெளியே தெரிய, நம் ஊரில் மடிப்பது போலவே மடித்திருந்தது. யார் மடித்தது என்று அறையைக் கவனிக்கும் கோவாக்காரரிடம் அண்ணாச்சி விசாரித்தார். அன்று சாயங்காலமே ஒரு ஆள் கதவைத் தட்டினான். முப்பத்து நாலு வயசு இருக்கும். வெள்ளைச் சீருடை, நீராவியில் வெந்து சிவந்த கை.

"வேட்டியப் பாத்ததும் நம்ம பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சிக்கிட்டேன் அண்ணாச்சி" என்றான். "எனக்கு விக்கிரமசிங்கபுரம்."

பெயர் கிருபைராஜ். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்து இறந்துபோனவர். ஊரில் அம்மாவும் மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். ஐந்து வருஷமாகக் கப்பல் சலவைப் பிரிவில் இருந்தான். மில் தொழிலாளி மகன் எடுத்த எடுப்பில் அண்ணாச்சி என்றது முதலில் ஒரு மாதிரி இருந்தாலும், நடுக்கடலில் அந்தச் சொல் காதில் விழுந்தது நன்றாகத்தான் இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு துணி கொண்டு வரும் சாக்கில் அவன் இரண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போவான். மதினி கொண்டு போயிருந்த பருப்புப் பொடியை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஏஜென்சியில் இருக்கும் மருமகன்தான் சீட்டு எடுத்துத் தந்தான் என்பதையும் அவனிடம் சொன்னார்கள். இத்தனை தேசம் பார்த்திருக்கிறாயே என்று அவர்கள் ஒருநாள் ஆச்சரியப்பட்டபோது அவன் சிரித்திருக்கிறான். சலவை அறை கப்பலின் அடியில் இருக்கிறது, அங்கே ஜன்னலே கிடையாது, பாதி ஊருக்குக் கரை எப்படி இருக்கும் என்றே தனக்குத் தெரியாது என்றானாம். மாலத்தீவு தாண்டியதும், வீட்டு முகவரி எழுதிய ஒரு பொட்டலத்தை மதினியிடம் கொடுத்தான். உள்ளே கம்பளிச் சால்வை. சாரல் நேரத்தில் அம்மாவுக்குக் கழுத்துவலி வரும், ஊருக்குப் போனதும் நேரம் கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டான். மதினி நானே கையில் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள்.

அடுத்த கரை செஷல்ஸ் தீவின் விக்டோரியா. அங்கே நடு ஊரில் கோபுரம் வைத்த பிள்ளையார் கோயில் இருக்கிறது, போன வருஷம் போனபோது பார்த்தேன் என்று கிருபைராஜ் வாய் தவறிச் சொல்லிவிட்டான். மதினிக்கு அதைக் கேட்டதிலிருந்து அங்கே போக வேண்டும் என்று இருந்தது. பஸ்காரர்கள் கொடுத்த பட்டியலில் கோயில் இல்லை. மணிக்கூண்டு, சந்தை, பிறகு பெரிய ஆமைகள் இருக்கும் தோட்டம், அவ்வளவுதான். சந்தையில் ஒரு மணி நேரம் விடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டார். கிருபைராஜுக்கும் அன்று நாலு மணி நேரம் இறங்க அனுமதி இருந்தது. நீ வந்து கூட்டிக்கொண்டு போ என்றார்.

அவன் மாட்டேன் என்றான். பயணிகளோடு வேலைக்காரர்கள் கரையில் சுற்றக் கூடாது, பார்த்தால் வேலை போய்விடும் என்றான். வழி எழுதித் தருகிறேன், பத்து நிமிஷ நடைதான் என்றான். அண்ணாச்சி விடவில்லை. மறுநாள் காலையில் துணி கொடுக்க வந்தவனிடம் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அவன் மாட்டேன் என்றான்.

"எங்கூட வாறவன யாருப்பா கேக்கப் போறா? கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

அந்த வார்த்தையை நம்பித்தான் அவன் வந்தான்.

சந்தை வாசலில் அவன் சீருடை இல்லாமல் கட்டம் போட்ட சட்டையில் நின்றான். மூன்று பேரும் நடந்து போனார்கள். தெருத் திரும்பியதும் கோபுரம் தெரிந்தது. மதினி நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே விபூதி வாசனை, தமிழில் பேசும் குருக்கள், நெற்றியில் பட்டை போட்ட கடைக்காரர்கள். கிருபைராஜ் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். மதினி கூப்பிட்டும் வரவில்லை. அன்று அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. முடிய நேரமாகும் போலிருந்தது. கிருபைராஜ் வாசலில் நின்றபடி, நேரமாயிற்று, இப்போது கிளம்பினால்தான் பஸ்சைப் பிடிக்கலாம் என்றான். ஒரு தீபாராதனை பார்த்துவிட்டுப் போவோம் என்று அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு தடவை அவன் வந்து சொன்னான். இரண்டாம் தடவை அவர் திரும்பிப் பார்க்காமலேயே கையைக் காட்டி இருக்கச் சொன்னார். ஆபீசில் எங்களைப் பார்த்துக் காட்டுகிற அதே கை.

தீபாராதனை முடிந்து, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்று வெளியே வந்தபோது மழை கொட்டியது. சந்தைக்கு வந்தால் பஸ் இல்லை. துறைமுகம் வரை நனைந்துகொண்டே நடந்தார்கள். மதினியின் சேலை மழையில் நனைந்து கனத்தது. கிருபைராஜ் தன்னிடமிருந்த செய்தித்தாளை விரித்து அவர்கள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தான். அவன் வேலைக்கு ஏறியிருக்க வேண்டிய நேரம் தாண்டி ஒரு மணி ஆகிவிட்டது.

அங்கே நடந்திருந்தது இதுதான். இரண்டு பேரைக் காணோம் என்று பஸ் முக்கால் மணி நேரம் சந்தையிலேயே காத்திருந்திருக்கிறது. அதில் வந்த நாற்பது பேரும் ஆமைத் தோட்டத்தைப் பார்க்காமலே கப்பலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கப்பல்காரர்கள் ஊருக்குள் ஆள் அனுப்பித் தேடியிருக்கிறார்கள். இவர்கள் மூன்று பேரும் படியேறுவதை மேல்தளத்தில் நின்ற கூட்டம் பார்த்தது. சிலர் கை தட்டினார்கள். அது பாராட்டு இல்லை என்பது மதினிக்கே தெரிந்தது. அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் தன்னைப் பார்த்துச் சிரித்ததில்லை என்று என்னிடம் சொன்னார்.

படிக்குப் பக்கத்தில் சின்ன அறை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மதினியைக் குளிர்கிறது என்று அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணாச்சியும் கிருபைராஜும் மட்டும் நின்றார்கள். அதிகாரி ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் கேட்டார். இந்த ஆள் உங்களை அழைத்துக்கொண்டு போனானா? ஆமாம் என்றார் அண்ணாச்சி. அது வரைக்கும் பொய் இல்லை. அடுத்த கேள்வி வந்தது. நீங்கள் அவனைக் கேட்டீர்களா, அவனாக வந்து கூப்பிட்டானா?

மேஜைமேல் பயணிகள் பட்டியல் இருந்தது. தன் பெயருக்கு நேரே மகேஷின் பெயரும் ஏஜென்சியின் பெயரும் எழுதியிருந்தது அவருக்குத் தெரிந்தது. வெளியே இன்னும் ஆட்கள் நின்று பேசும் சத்தம் கேட்டது.

"அவனாகத்தான் வந்து கூப்பிட்டான். விதி எங்களுக்குத் தெரியாது" என்றார்.

கிருபைராஜ் அவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். நீ என்ன சொல்கிறாய் என்று அதிகாரி கேட்டதற்கு, இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று மட்டும் சொன்னான். அது அவனுக்கு எதிராகத்தான் போயிற்று.

அறைக்கு வந்த அண்ணாச்சியிடம் மதினி, அந்தத் தம்பிக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டார்கள். தப்பு நம்முடையது என்று சொல்லிவிட்டேன், விட்டுவிட்டார்கள் என்றார். ஒரே சாயங்காலத்தில் இரண்டு பொய். முதல் பொய்யாவது பயத்தில் வாயிலிருந்து விழுந்தது, இரண்டாவது பொய்யை யோசித்துச் சொன்னேன் என்று என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் துணியை வேறு யாரோ கொண்டு வந்தார்கள். வேட்டி மறுபடியும் நாலாக மடிந்து வந்தது. வேலை மாற்றியிருப்பார்கள் என்று மதினிக்குச் சமாதானம் சொன்னார். கோவாக்காரர்தான் விஷயத்தை அவர் காதில் போட்டார். மொம்பாசாவில் கிருபைராஜை இறக்கி, விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள்.

மொம்பாசாவில் காலை ஏழு மணிக்கே கப்பலைக் கரையில் கட்டிவிட்டார்கள். அண்ணாச்சி மேல்தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமான் ஏற்றும் பின்படி வழியாகக் கிருபைராஜ் ஒரு தோள்பையோடு இறங்கினான். கூடவே ஒரு அதிகாரி. அதே கட்டம் போட்ட சட்டை. கீழே போய் ஒரு தடவை கப்பலை அண்ணாந்து பார்த்தான். அண்ணாச்சி பின்னுக்கு நகர்ந்துகொண்டார். அவன் பார்த்தானா என்று அவருக்குத் தெரியாது. பிறகு அறைக்குப் போய், வெளியே வெயில் அதிகம், பைய இறங்கலாம் என்று மதினியை அரை மணி நேரம் உட்கார வைத்தார். அன்று போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையைச் சுற்றிக் காட்டினார்கள். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்த ஊர்களுக்கும் எழுதவில்லை.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் அவரைக் கதை கேட்டார்கள். எங்கள் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் பயணத்தில் கண்டவை என்று பேச வைத்தோம். போட்டோக்களைக் கை மாற்றிப் பார்த்தோம். செஷல்ஸ் கோயில் படம் வந்ததும், "கூட்டத்தோட போன இடத்துல கோயில எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சிய?" என்று நான்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசாரிச்சுப் போனோம்" என்றார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கேள்வியால் அன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

மதினி சால்வையை மறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை நினைவுபடுத்தினார்கள். சித்திரையில் வெயில் என்றார் அண்ணாச்சி. வைகாசியில் கல்யாண முகூர்த்தம், பஸ்சில் இடம் கிடைக்காது என்றார். ஆனியில் கால்வலி என்றார். ஆடி பிறந்ததும் மதினி அவரை எதிர்பார்க்கவில்லை. அங்கே சாரல் விழ ஆரம்பித்திருக்கும், அந்த அம்மா குளிரில் இருக்க இந்தச் சால்வை என் பெட்டியில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு புதன்கிழமை காலையில் தனியாக, விக்கிரமசிங்கபுரம் வழியே போகும் பாபநாசம் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

அன்று பகல் முழுவதும் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை வாசலுக்குப் போய் வந்தார். மதினி ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மதினி மலர்ந்த முகத்தோடு வந்தார்கள். கிருபைராஜ் அங்கேதான் இருக்கிறான், ஒப்பந்தம் முடிந்து வந்துவிட்டானாம், உங்களை நலமா என்று கேட்டான், அவன் அம்மா நல்ல மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, காப்பி போட்டுக் கொடுத்தார்கள், கொல்லையில் காய்த்த வாழைப்பழம் ஒரு சீப்பு கொடுத்து அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டே பழத்தை உரித்து நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவன் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது என்று அவர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவரே விக்கிரமசிங்கபுரத்துக்குப் பஸ் ஏறினார். வண்ணார்பேட்டையில் ஒரு சோலி என்று வீட்டில் சொல்லியிருந்தார். கிருபைராஜ் மில் வாசலுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். ஷிப்டு விடுகிற நேரம். வரிசையாகச் சைக்கிள்கள் பஞ்சரோடும் காற்று இறங்கியும் நின்றன. அவன் குந்தி உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க சார்" என்றான்.

அண்ணாச்சி என்று சொல்லவில்லை. அதை அவர் கவனித்தார். கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்றார். வேலை கிடக்கிறது, இங்கனயே சொல்லுங்கள் என்றான். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால்தான் அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் கிருபை."

"தெரியும் சார். பக்கத்துலதான நின்னேன்."

குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துணியால் துடைத்தான். புதன்கிழமை என் வீட்டுக்காரி வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் அண்ணாச்சி.

"அவிய எங்கம்மைகிட்ட உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தாவ. அப்பப் போய்ச் சொன்னா, அவிய எப்படி சார் அந்த வீட்டைவிட்டு எந்திரிச்சுப் போவாவ?" என்றான். டியூபைத் துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு, "உங்களுக்காக இல்ல" என்றான்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவன் ஒரு சைக்கிளை முடித்து அனுப்பிவிட்டு அடுத்ததை எடுத்தான். பிறகு தானாகவே சொன்னான். பயணிகளை ஏமாற்றி அழைத்துப் போனவன் என்று அவனுடைய கப்பல் வேலைச் சான்றிதழில் எழுதியிருக்கிறார்கள். பம்பாயில் மூன்று ஏஜெண்டுகளிடம் போய்ப் பார்த்துவிட்டான். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நாற்காலிகூடத் தருவதில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. மனைவிக்குத் தெரியும்.

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவன் தடுத்தான்.

"அதெல்லாம் வேண்டாம் சார். நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க. ஆனா அது உங்க மருமவன் ஆபீஸ் வழியாத்தான் போவும். யோசிச்சுக்கிடுங்க."

திரும்பி வரும் பஸ்சில், அம்பாசமுத்திரம் தாண்டும் வரை அவர் யோசித்தது அவனைப் பற்றி இல்லை, மகேஷைப் பற்றித்தான். அதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். முதலில் எழுதியதில், தகவல் பரிமாற்றத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று இருந்தது. படித்துப் பார்த்துக் கிழித்தார். இரண்டாவதில், என் கவலையான மனநிலையில் சரியாக விளக்க முடியாமல் போயிற்று என்று எழுதியிருந்தார். தப்பித்துக்கொள்ளப் பார்க்கும் கட்சிக்காரர்களின் பிரமாணப் பத்திரங்களில் இந்த மாதிரி வாக்கியங்களை எத்தனையோ தடவை படித்தவர். அதையும் கிழித்தார். மூன்றாவது நாலே வரி. நான்தான் கேட்டேன். அவர் இரண்டு முறை மறுத்தார். தாமதத்துக்கும் காரணம் நான். அதிகாரியிடம் நான் பொய் சொன்னேன்.

தபாலில் போடும் முன் அதை மதினிக்குத் தமிழில் படித்துக் காட்டினார். அடுக்களை வாசலில் நின்றபடியே மதினி முழுவதும் கேட்டார்கள். அன்றைக்கு என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். அவர் கடிதத்தை மடித்தார்.

"நான் அந்த அம்மா கையால காப்பி வாங்கிக் குடிச்சிட்டு வந்திருக்கேன்" என்றார்கள் மதினி. உள்ளே போய் அடுப்பை அணைத்தார்கள். நாற்பது நாளுக்குக் கிட்ட, சாப்பாடு வைக்கிறேன், தண்ணீர் வைத்திருக்கிறேன் என்பதைத் தவிர அவரிடம் பேசவில்லை. செஷல்ஸ் கோயில் படத்தை மட்டும் ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கடிதம் போன பதினைந்தாம் நாள் மகேஷ் போன் செய்தான். கத்தவில்லை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம் என்றான். அவன் வேலைக்கு ஆபத்து இல்லை, ஆனால் அவனை மேலே கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள், குடும்பச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு சுப்ரஜா மட்டும் பேசினாள்.

ஐப்பசியில் எங்கள் சங்கக் கூட்டம். வரவுசெலவெல்லாம் வாசித்து முடித்து எழுந்திருக்கப் போகும்போது அண்ணாச்சி கை தூக்கினார். முன்பு தன்னிடம் கேட்ட ஒரு கேள்விக்குத் தவறான பதில் சொல்லிவிட்டதாகவும் அதைத் திருத்த வேண்டும் என்றும் சொன்னார். பிறகு எல்லாவற்றையும், அந்த அதிகாரி கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், கட்டம் போட்ட சட்டை உட்பட, நின்றபடியே சொன்னார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. முடிந்ததும் தலைவர், இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. காப்பி வந்தது, குடித்துவிட்டுக் கலைந்தோம். வீட்டுக்கு நடக்கும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே பேசிக்கொண்டு வந்தார். அப்படி மூன்று நாலு சாயங்காலங்களில்தான் முழுக் கதையும் எனக்குக் கிடைத்தது.

கப்பல் கம்பெனியிலிருந்து பதில் வர ஏழு மாதம் ஆயிற்று. கிருபைராஜின் சான்றிதழில் எழுதிய குறிப்பை நீக்கிவிட்டார்கள். வேலை திருப்பித் தரவில்லை. நேரத்துக்குத் திரும்பாதது அவன் தப்புதான் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தின் நகலை அண்ணாச்சி பதிவுத் தபாலில் அவனுக்கு அனுப்பினார். ஒப்புதல் அட்டையில் அவன் கையெழுத்து வந்தது, வேறு ஒரு வரியும் வரவில்லை. அவன் மறுபடியும் பம்பாய்க்கு இரண்டு தடவை போய் வந்தான். 1999-இல்தான் வேறொரு கம்பெனியின் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. முன்பு வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. இரண்டு வருஷத்துக்கு மேல் அவன் சைக்கிள் கடையில் இருந்திருக்கிறான்.

மதினி மட்டும் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவையும் ஆடியில் ஒரு தடவையும் விக்கிரமசிங்கபுரம் போய் வந்துகொண்டிருந்தார்கள். கிருபைராஜின் அம்மாவிடம் அவர்களே உண்மையைச் சொல்லிவிட்டார்களா என்று நான் கேட்டதில்லை. அண்ணாச்சியை அந்த வீட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை.

கிருபைராஜ் கிளம்புகிற நாள் மதினி மூலம்தான் தெரிந்தது. நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் சென்னைக்குப் போய் அங்கிருந்து பம்பாய். நெல்லை ஜங்ஷனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி போனார். அவன் குடும்பத்தோடு நின்றான். நாங்கள் கொஞ்சம் தள்ளிக் குழாயடியில் நின்றோம். ரயில் வந்து அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அண்ணாச்சியைப் பார்த்தான். அவர் பக்கத்தில் போனார். கை நீட்டவில்லை.

"வீட்டுல அம்மா வரலையா சார்?" என்றான்.

"இல்ல. முட்டுவலி."

"ஜாக்கிரதையாப் பாத்துக்கிடுங்க" என்றான். பிறகு குழந்தை பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான்.

வண்டி நகர்ந்தது. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள். அண்ணாச்சி வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவன் வீட்டார் எங்களைத் தாண்டிப் படியேறிப் போகும் வரை காத்திருந்துவிட்டு, நாங்கள் வெளியே வந்து பாளையங்கோட்டை பஸ் ஏறினோம்.